மிச்சத் தேத்தண்ணி

வெள்ளி காலமை
இன்குபேற்றரைத் திறந்து பிளேற்றை எடுத்தேன்.
ஆறு மருந்துவட்டுகள்.
ஒவ்வொன்றையும் சுற்றி, கிணற்றுக் கட்டு மாதிரி,
வெறும் வளையம் ஒன்று விழுந்திருக்கவேணும்.
இல்லை.
வட்டின் விளிம்புவரை வந்து
முட்டிக்கொண்டு நின்றது வளர்த்தி.

நீக்கிலாப்பிள்ளை, அறுபத்தொன்று, பாசையூர்.
ஒன்பதாம் கட்டில். சலம்.

பழைய கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன்.
ஓகஸ்ற்றில் கொடிகாமத்துக் குகதாசன், காலில் சீழ்.
அதற்கு முன்னம் ஐந்துசந்தி நசுருதீன், இரத்தம்.
மூன்றும் ஒரே கிருமி, ஒரே கையெழுத்து:
கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால்
பலாப்பாலாய் இழுபடும்.
மூன்று பேரும் ஆளையாள் கண்டதில்லை.
ஒருவர் போய், பாய் வெயிலில் காய்ந்த பிறகுதான்
மற்றவர் வந்தவர்.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில்
விடுதியைக் கீறினேன்.
பேர், வயது, ஊர்,
எந்தக் கட்டில், வந்த திகதி, போன திகதி.
எழுதி முடித்துப் பார்க்கக் கை கூசியது.
இந்த ஊரில் இப்படிப் பட்டியல் எழுதினவர்களை
எனக்குத் தெரியும்.
கிழித்துப்போட்டு
கட்டில் இலக்கங்களை மட்டும் திரும்ப எழுதினேன்.

பஞ்சுக்குச்சிகளோடு ஒரு கிழமை.
கட்டில் கம்பி, பிரஷர் பட்டி, சேலைன் தாங்கி,
மிஸ்ஸியின் பேனை,
டொக்டரின் ஸ்ரெதஸ்கோப்
(இரண்டாந்தரம் கேட்கத்தான் தந்தார்).
ஒன்றிலும் இல்லை.
என்னுடைய போனில் வேறொன்று வளர்ந்தது,
அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடைசியாய்,
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்
நாங்கள் எல்லோரும் கை கழுவும் தொட்டி.
வடிகுழாயின் வாய்க்குள் குச்சியை விட்டேன்.
மறுநாள் பிளேற் முழுக்க இளஞ்சிவப்பு.
தொட்டேன். இழுபட்டது.

சரி, அந்த இருட்டுக்குள் அது எதைத் தின்று சீவிக்குது?

பன்னிரண்டு மணி, பார்க்கிற நேரம்.
தொட்டிக்கு எதிரே வாங்கில் இருந்தேன்.
நீக்கிலாப்பிள்ளையின் மனிசி ஞானசவுந்தரி
பிளாஸ்கைத் திறந்து ஊற்றினா.
அவர் இரண்டு மிடறு குடித்தார்,
மூன்றாவதுக்குக் கண்ணை மூடினார்.
அவ மிஸ்ஸியைப் பார்த்தா. மிஸ்ஸி பார்க்கவில்லை.
எழும்பி, தொட்டியடிக்குப் போய்,
சத்தம் வராமல் சரித்து ஊற்றி,
கப்பை அலசி,
“முழுக்கக் குடிச்சிட்டார்” என்றா.
இருநூறு மில்லிலீற்றர் என்று மிஸ்ஸி எழுதினா.

பால், சீனி, மோல்ற்.
பதின்மூன்று நாளாய் நேரம் தவறாத சாப்பாடு.

பைப் வேலைக்கு வந்த சந்திரமோகன்
வளைகுழாயைக் கழற்றி வாளிக்குள் தட்டினார்.
கறுப்பாய், கூழாய் வழுக்கி விழுந்தது.
“இதுக்கோ தங்கச்சி இவ்வளவு பாடும்?”
புதுக் குழாய். கொதிதண்ணி. குளோரின்.
இரண்டு மொழியில் ஒரு அறிவித்தல்:
இதற்குள் தேநீர் ஊற்றவேண்டாம்.
பின்னேரமே அதன்மேல்
ஆரோ துவாயைக் காயவிட்டிருந்தார்கள்.

ஞானசவுந்தரி என்னிடம் வந்து கேட்டா,
“அப்ப மிச்சத்தை எங்கை பிள்ளை ஊத்திறது?”
பாதிக் கப் கொண்டுவாங்கோ அம்மா என்றேன்.
“பாதி கொண்டுவந்தா
அவருக்கு விளங்கியிடும்.”

ஒரேயொரு மருந்து மிஞ்சியிருந்தது அவருக்கு.
கிருமியைக் கொல்லும், சலப்பையையும் சும்மா விடாது,
சிறுநீரகத்தையும் கணக்குப் பார்க்கும்.
ஆறு நாள் ஏற்றினார்கள்.
கிரியேற்றினின் றிப்போட் என் மேசையால்தான் போகும்.
ஒவ்வொரு காலமையும் அந்த இலக்கத்தை
இரண்டு தரம் வாசித்தேன்.
ஏழாம் நாள் கடதாசி வரவில்லை.
கேட்கவில்லை.

மூன்று கிழமை ஒன்றும் இல்லை.
டிறெக்ரர் கையைக் குலுக்கினார்,
பிறகு இருவரும் போய்க் கை கழுவினோம்.

நேற்று பெண்கள் விடுதியிலிருந்து ஒரு மாதிரி.
அந்தப் பக்கத்து ஆட்கள்
இந்தப் பக்கம் மிதித்ததே இல்லை.
வளையத்தால் தொட்டேன்.
என் கீறலில் அந்த விடுதிக்கு இடமில்லை.
சுவரில் இருந்து
ஒக்ரோபரைக் கிழித்தேன்,
மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்க.